கிளப் யாருடையது? இங்கிலாந்து கால்பந்து ரசிகர்களும் புதிய சட்டமும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் கிளப் உரிமையாளர்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி ரசிகர்கள் பல வருடம் அரசை நெருக்கினார்கள். 2025 ஜூலையில் அது சட்டமானது. கிளப்புகளையும் உரிமையாளர்களையும் கண்காணிக்க ரெகுலேட்டர் என்ற தனி அமைப்பு அதன்படி வருகிறது. வடமேற்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன கிளப்பின் ரசிகர் டிரஸ்டில் இருப்பவன் என்பதால் என்னிடம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. யார் எந்த அணிக்குப் போகிறார் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது என் துறை இல்லை.

திருச்சி: கிளப் என்பது தனியார் கம்பெனிதானே சார்? அரசுக்கு அங்கே என்ன வேலை?

பெரி என்ற ஊரின் கிளப் கதையைச் சொன்னால் புரியும். 1885ல் தொடங்கிய கிளப். இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ. நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 1903 இறுதிப் போட்டியில் டார்பியை 6-0 என்று வீழ்த்தியது. 2018 டிசம்பரில் அந்தக் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கு முழுச் சான்று லீக்கின் கைக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிட்டது. அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்தது. சம்பளம் நின்றது, கடன் ஏறியது. 2019 ஆகஸ்ட் 27ல் லீக்கிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள்.

தெருமுனை ஓட்டல் மூடினால் அடுத்த ஓட்டலுக்குப் போவோம். பெரி ரசிகர் பக்கத்து ஊர் போல்டனுக்குப் போய்க் கைதட்ட மாட்டார். அவருக்கு மாற்றுக் கடை கிடையாது. கிளப்பை வாங்குகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. இது எப்போதுமே வெறும் கம்பெனியாக இருந்ததில்லை. பங்குதாரர் எடுக்கும் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்து, இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்றும் எஃப்.ஏ.வே பல பத்தாண்டுகள் விதி வைத்திருந்தது. 1983ல் டாட்டன்ஹாம் மேலே ஒரு தாய்க் கம்பெனியை உருவாக்கி, அதைப் பங்குச் சந்தையில் இறக்கி, அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போனது. எஃப்.ஏ. தடுக்கவில்லை. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். அரசு புதிதாக மூக்கை நுழைக்கவில்லை. எஃப்.ஏ. கைவிட்ட வேலையைத்தான் எடுத்துச் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை, எல்லோருக்கும்: உங்கள் கிளப்பின் மைதானம் யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் என்ன அடமானம் இருக்கிறது என்று பாருங்கள். பெரியின் கிக் லேன் மைதானத்தை மீட்க அரசு நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது.

சென்னை: சூப்பர் லீக் கலாட்டாவால்தானே இந்தச் சட்டம் வந்தது?

வேகம் அதனால் வந்தது, தொடக்கம் அங்கே இல்லை. 2002ல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிப் போக அனுமதி கொடுத்த நாளிலிருந்தே ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 தேர்தல் அறிக்கையிலேயே கன்சர்வேட்டிவ் கட்சி ரசிகர் தலைமையில் ஓர் ஆய்வு என்று வாக்குறுதி கொடுத்திருந்தது. 2021 ஏப்ரல் 18ல் ஆறு இங்கிலீஷ் கிளப்புகள் மற்ற ஐரோப்பிய கிளப்புகளோடு சேர்ந்து சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அறிவித்தன. மறுநாளே அந்த ஆய்வை அரசு தொடங்கியது. எம்.பி. ட்ரேசி கிரவுச் தலைமையில் நவம்பரில் 47 பரிந்துரைகள் வந்தன. 2024 மார்ச்சில் வந்த மசோதா தேர்தலால் செத்தது. லேபர் அரசு அக்டோபரில் மறுபடி கொண்டுவந்தது. 2025 ஜூலை 21ல் அரச ஒப்புதல் கிடைத்தது.

கோவை: கிளேசர் குடும்பத்தை இந்த ரெகுலேட்டர் வெளியே அனுப்புமா அண்ணா?

அனுப்பாது தம்பி. 2005ல் அவர்கள் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே வைத்தார்கள். அன்றைக்கு அது சட்டப்படி செல்லும். நேர்மை, நிதிநிலை பற்றிப் பலமான சந்தேகம் எழுந்தால், இப்போது இருக்கும் உரிமையாளரையும் ரெகுலேட்டர் விசாரிக்கலாம், தகுதியில்லை என்றால் வெளியேறச் சொல்லலாம். நமக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது.

துபாய்: எங்கள் ஓனர் நல்ல ஸ்ட்ரைக்கர் வாங்க மறுக்கிறார். புகார் செய்யலாமா?

முடியாது. மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

லண்டன்: நான் நியூகாஸில் ரசிகன். நீங்கள் எல்லாம் சவுதிப் பணத்தைத் திட்டுகிறீர்கள். 14 வருடம் பழைய ஓனரிடம் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். 2025 மார்ச்சில் லீக் கோப்பை வென்றோம், 1955க்குப் பிறகு முதல் உள்நாட்டுக் கோப்பை. அதையும் பறிக்க வேண்டுமா?

கோப்பையை யாரும் பறிக்கவில்லை. அன்று அழுத ரசிகர்களின் கண்ணீர் நிஜம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கேள்வி வேறு. 2021 அக்டோபரில் 80 சதவீதப் பங்கை வாங்கியது சவுதியின் பொது முதலீட்டு நிதி. அதன் தலைவர் பட்டத்து இளவரசர். கிளப்பை சவுதி அரசு கட்டுப்படுத்தாது என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டோம் என்றது பிரீமியர் லீக். தலைவரும் அவர், நாட்டை நடத்துபவரும் அவர் என்றால் அந்த உறுதிமொழியை யார், எப்படிச் சரிபார்ப்பது?

லண்டன் (மறுபடி): அப்படியென்றால் அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்டு மட்டும் சுத்தமா? அரசு என்றால் திவாலாகாது, எங்கள் கிளப் பாதுகாப்பாக இருக்கிறது.

ஹெட்ஜ் ஃபண்டு சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு என்கிறீர்களே, செல்சியைப் பாருங்கள். 2022 மார்ச்சில் அதன் ரஷ்ய ஓனர் ரோமன் அப்ரமோவிச் மேல் பிரிட்டன் தடை விதித்த அன்றே கிளப்பின் சொத்து முடங்கியது. போட்டி நடத்தவே அரசின் தனி அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. புதிதாக டிக்கெட் விற்க முடியவில்லை. சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களும் ஏற்கனவே வாங்கியவர்களும்தான் உள்ளே போனார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் பாதுகாப்பாகத் தெரிந்த கிளப், வெளியுறவு மாறியதும் ஒரே நாளில் ஆடிப்போனது. பணம் இல்லாத ஓனர் ஒரு வகை ஆபத்து, ஒரு நாட்டின் அரசியலோடு கட்டப்பட்ட ஓனர் இன்னொரு வகை.

சிங்கப்பூர்: இதில் சட்டம் என்ன சொல்கிறது?

கேட்டது நல்லதாயிற்று. 2024 மார்ச் மசோதாவில், உரிமையாளரை மதிப்பிடும்போது அரசின் வெளியுறவு, வணிகக் கொள்கையையும் ரெகுலேட்டர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதாவது வேண்டப்பட்ட நாடு என்றால் கொஞ்சம் பார்த்துச் செய் என்று. ரசிகர் அமைப்புகள் எதிர்த்தன, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூ.இ.எஃப்.ஏ.வும் அரசியல் தலையீடு பற்றிக் கவலை தெரிவித்தது. அடுத்த மசோதாவில் அந்த வரி போய்விட்டது. இந்தப் போராட்டத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது என்பது என் எண்ணம். ஆனால் அரசே உரிமையாளராகக் கூடாது என்ற தடை சட்டத்தில் இல்லை. அது இருந்திருக்க வேண்டும்.

லண்டன் (மூன்றாம் முறை): மான்செஸ்டர் சிட்டியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

விடவில்லை. சொன்ன எல்லாம் அபுதாபி அரச குடும்பத்தவர் கையில் இருக்கும் அந்தக் கிளப்புக்கும் பொருந்தும். இத்தோடு இதை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மதுரை: ஜெர்மனியின் 50+1 விதியை அப்படியே கொண்டுவரலாமே?

எனக்கும் ஆசைதான். அங்கே கிளப்பின் உறுப்பினர்களிடம் வாக்குரிமையில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் அங்கே கிளப்புகள் ஏற்கனவே உறுப்பினர் சங்கங்களாக இருந்தன. 1998ல் முதலீட்டுக்குக் கதவைத் திறந்தபோது கூடவே போட்ட பூட்டு அது. இங்கே பங்குகள் எப்போதோ விற்றுப்போய்விட்டன. திரும்ப வாங்க நூறு கோடிக் கணக்கில் பவுண்டு வேண்டும். ஓட்டை ஜெர்மனியிலும் உண்டு, வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய லைப்சிக்கைப் பாருங்கள்.

சேலம்: பிளாக்பர்னை வைத்திருப்பது நம் நாட்டு வெங்கிஸ் கம்பெனியாமே? ரசிகர்களுக்கு ஏன் கோபம்?

புனே கோழிக் கம்பெனி, 2010 நவம்பரில் வாங்கினார்கள். 1995ல் பிரீமியர் லீக் வென்ற கிளப் 2012ல் கீழே இறங்கியது, 2017ல் மூன்றாம் நிலைக்கே போனது. பணம் போடவில்லை என்று சொல்ல முடியாது, நிறையவே போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை எதிர்பார்த்திருந்த காலமும் வந்தது. ஒரே குடும்பத்தின் பணத்தை நம்பி நடக்கும் கிளப்புக்கு அப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும்.

ஈரோடு: ஓனரை மாற்ற ரெகுலேட்டருக்கு எப்படி மனு எழுதுவது?

இதே கேள்வி மூன்றாவது முறை. கோவைக்குச் சொன்ன பதில்தான். மனுவுக்கு முன்னால் மைதானத்தின் பத்திரத்தைப் பாருங்கள். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயின் ஹில்ஸ்பரோ மைதானம் உரிமையாளரின் இன்னொரு கம்பெனிக்கு 6 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. 2025 அக்டோபரில் கிளப்பும் அந்த மைதானக் கம்பெனியும் சேர்ந்தே திவால் நிர்வாகத்துக்குப் போயின. புதிய சட்டப்படி ரெகுலேட்டரின் ஒப்புதல் இல்லாமல் மைதானத்தை விற்க முடியாது. ஏற்கனவே விற்றதை அது திரும்பக் கொண்டுவராது.

யாழ்ப்பாணம்: சாதாரண ரசிகர்கள் அரசை அசைத்தது எப்படி? போராட்டம் செய்தாலே போதுமா?

போராட்டத்தோடு கூடவே காகித வேலையும் வேண்டும். பிரைட்டன் கிளப்பைப் பாருங்கள். கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995ல் விற்றுவிட்டார்கள், 1997ல் கிளப் வீடில்லாமல் நின்றது. ரசிகர்கள் மற்ற கிளப்புகளின் ரசிகர்களையும் அழைத்து 1997 பிப்ரவரியில் ஒரே மைதானத்தில் நிரப்பினார்கள். அப்புறம் ஃபால்மரில் புது மைதானம் கட்ட அனுமதி கேட்டு அமைச்சர்களுக்கு வருடக்கணக்கில் மனு அனுப்பினார்கள், உள்ளாட்சித் தேர்தலில் தனிக் கட்சியாகவே நின்றார்கள். 2007ல் அனுமதி, 2011ல் மைதானம். பிளாக்பூல் ரசிகர்கள் வேறு வழியில் போனார்கள். பழைய உரிமையாளருக்கு ஒரு காசும் தர மாட்டோம் என்று சொந்த மைதானத்தையே வருடக்கணக்கில் புறக்கணித்து, 2019ல் அவர் போன பிறகுதான் திரும்பினார்கள்.

நீங்கள் இங்கிலாந்தில் இருந்தால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2011 சட்டப்படி உங்கள் மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்ய உங்கள் ரசிகர் அமைப்பின் பெயரில் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம். விற்க முயன்றால், வாங்க ஏற்பாடு செய்ய ஆறு மாத அவகாசம் கேட்கலாம்.

திருநெல்வேலி: டிக்கெட் விலை குறையுமா?

குறைக்கும் அதிகாரம் இல்லை. ரசிகர்களிடம் கலந்து பேச வேண்டும் என்ற கடமை மட்டும் உண்டு.

பெங்களூரு: கார்டிஃப் வேல்ஸில் இருக்கிறது, அதற்கும் பொருந்துமா?

இங்கிலாந்து லீக்கில் ஆடுவதால் பொருந்தும். 2012ல் அவர்களின் நீலச் சட்டையை உரிமையாளர் சிவப்பாக்கினார், ரசிகர்கள் போராடி 2015ல் திரும்பப் பெற்றார்கள். இனி ரசிகர்களில் பெரும்பான்மை ஆதரவு இல்லாமல் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டை நிறத்தையோ மாற்ற முடியாது.

புதுச்சேரி: பெண்கள் லீக்?

இப்போதைக்குச் சட்டத்தில் இல்லை. பெண்கள் கால்பந்துக்கு கேரன் கார்னி தலைமையில் தனி ஆய்வு 2023ல் வந்தது. ஆனால் பெரும்பாலான அணிகள் ஆண்கள் கிளப்பின் கீழேதான் இருக்கின்றன, மேலே பணம் நின்றால் முதலில் வெட்டு விழுவது இவர்களுக்குத்தான். ரெடிங் கிளப் பணச் சிக்கலில் இருந்தபோது, 2024ல் அதன் பெண்கள் அணி இரண்டாம் நிலை லீக்கிலிருந்து விலகி ஐந்தாம் நிலைக்குப் போனது.