வீட்டுக் கணினிகளுக்குள் ஃபைல் பகிர 35,000 ரூபாய் பெட்டி வேண்டுமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜ நகரில் வீட்டு மாடியில் இருந்தே சின்னக் கடைகளுக்கு வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். மாடியில் ஒரு டெஸ்க்டாப். கீழே மனைவி என்ட்ரி போட ஒரு லேப்டாப், காலேஜ் படிக்கும் மகனிடம் ஒன்று. பென்டிரைவை ஏற்றி இறக்கி அலுத்துப்போய், சர்வீஸுக்கு வந்த தம்பியிடம் சொல்லி ஒரு ஃபோல்டரை ஷேர் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்ததால் அவர் அதை ஆஃப் செய்துவிட்டார். மனைவி லேப்டாப்பில் திறக்கிறது, மகனின் புது லேப்டாப்பில் திறக்கவில்லை. ‘நாஸ் பெட்டி வாங்கிருங்க, டிஸ்க்கோட 35,000 ஆகும்’ என்கிறார். எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஃபைல் வைக்கும் பெட்டியாம். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூன்று கணினிக்கு விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ஷேரிங்கே போதும். ஆனால் இன்றைக்கே அந்த பாஸ்வேர்டை மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

அதை ஆஃப் செய்து, அனுமதியில் ‘எவ்ரிஒன்’ என்று போட்டுவிட்டால், உங்கள் வைஃபையில் நுழைந்த யாரும் அந்த ஃபோல்டரைத் திறக்கலாம். மகனைப் பார்க்க வந்த நண்பர்கள், வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லாரும் அதில் அடக்கம். உள்ளே இருப்பது கடைக்காரர்கள் உங்களை நம்பிக் கொடுத்த பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட். நம் ஊரில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் பாஸ்வேர்டில்தான் கை வைக்கிறார்கள். ‘வேலை செய்யுது பாருங்க’ என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம் இது.

மகனின் லேப்டாப் திறக்க மறுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ, பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ இணைப்பு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகிவிட்டது. அந்தக் கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

சரி, பாஸ்வேர்டு ஏன் திரும்பத் திரும்பக் கேட்டது? தினமும் கணினியைத் திறக்கப் போடும் பின் நம்பரை அங்கே போட்டிருப்பீர்கள். அந்தப் பின் அந்தக் கணினியில் மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக வந்தால் அக்கவுன்டின் முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதை மறந்தே போயிருப்பார்கள்.

அதனால் மாடி டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கென்றே இரண்டு லோக்கல் யூசர்களை (அந்தக் கணினிக்கு மட்டுமான அக்கவுன்ட்) உண்டாக்குங்கள், மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. இரண்டுக்கும் நீளமான, வேறு வேறு பாஸ்வேர்டு கொடுங்கள். ஃபோல்டரின் ‘ஷேரிங்’ பக்கத்தில் ‘எவ்ரிஒன்’ என்பதை நீக்கி மனைவியின் யூசரைச் சேர்த்து, ‘செக்யூரிட்டி’ பக்கத்திலும் அதே அனுமதியைக் கொடுங்கள். இரண்டு இடத்திலும் கொடுத்தால்தான் திறக்கும். மூன்று கணினியிலும் நெட்வொர்க் வகை ‘ப்ரைவேட்’ என்று இருக்கட்டும். மகன் லேப்டாப்பைக் காலேஜுக்கோ ஹாஸ்டலுக்கோ கொண்டுபோனால் அங்கே ‘பப்ளிக்’.

மகனுக்கு வாடிக்கையாளர் ஃபோல்டரே வேண்டாம். போட்டோவுக்கும் பாடத்துக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். மனைவிக்கும் என்ட்ரி போடும் ஃபோல்டரில் மட்டும் எழுதும் அனுமதி, முடிந்த வருடக் கணக்குகளுக்குப் படிக்கும் அனுமதி போதும். ஒரு லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால், அங்கிருந்து எழுத முடிகிற ஷேர் ஃபோல்டர்களையும் சேர்த்தே அது பூட்டிவிடும். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபோல்டரில் அந்த வழியாக அதனால் கை வைக்க முடியாது.

ரவுட்டரில் வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-இல் இருக்கிறதா, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றியாயிற்றா என்று பாருங்கள். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை கொடுங்கள். டெஸ்க்டாப் இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பணம் செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் அங்கே செலவழியுங்கள்.

அப்புறம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். ஷேர் போடுவது பேக்கப் ஆகாது. வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கேபிளைக் கழற்றி, மாடியிலேயே வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். முடிந்தால் இரண்டாவது நகல் ஒன்று வேறு ஊரில், சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க்காக.

ஆள் வைத்து வேலை பெருகி, உங்கள் டெஸ்க்டாப் அணைந்திருக்கும்போதும் ஃபைல் வேண்டும் என்ற நிலை வந்தால் நாஸ் நல்ல சாமான்தான். அப்போதும் இரண்டு டிஸ்க்கில் ஒரே நகல் ஓடுவதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும்.

மாடிக்கும் கீழுக்கும் வேகம் போதவில்லை என்றால் வைஃபைக்குப் பதில் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். கடையில் ‘முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா’ என்று கேட்டு முழுச் செம்பையே வாங்குங்கள். ரவுட்டரில் கேபிள் செருகும் லேன் போர்ட் கிகாபிட்டா என்றும் பாருங்கள். 100 மெகாபிட் போர்ட்டில் 10 ஜிபி போக கால் மணி நேரம் ஆகும், கிகாபிட்டில் ஒன்றரை நிமிடம், டிஸ்க்கும் ஈடுகொடுத்தால்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். ‘யூஎஸ்பி டிஸ்க் செருகினால் வீட்டில் எல்லா கம்ப்யூட்டரிலும் திறக்கும்’ என்று சொல்லி ஒரு ரவுட்டர் விற்றார்கள். புது விண்டோஸ் 11-இல் திறக்கவில்லை. ‘எஸ்எம்பி 1 ஆன் பண்ணுங்க’ என்கிறார்கள். திருப்பி எடுக்கவும் மறுக்கிறார்கள்.

பதில்: அதை ஆன் செய்யாதீர்கள். எஸ்எம்பி என்பது கணினிகள் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை, எஸ்எம்பி 1 அதன் பழைய பதிப்பு. 2017 மே மாதம் உலகம் முழுக்க பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. அதன் பிறகு, 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே எஸ்எம்பி 1-ஐ விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுத்துவிட்டு வருகிறார்கள்.

ரவுட்டர் கம்பெனியின் தளத்தில் புது ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் போட்டுப் பாருங்கள், எஸ்எம்பி 2 அல்லது 3 வந்திருக்கலாம். வரவில்லை என்றால், சொன்ன வேலையைச் செய்யாத சாமான் என்று கடைக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கொடுங்கள். பில், பெட்டி மேல் அச்சிட்டிருப்பதின் போட்டோ, திரையில் வரும் எர்ரரின் போட்டோ மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடுக்கலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சாமானுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.