விரல் மரத்துப்போகிறது, ரோடு பைக்கை விற்றுவிடவா?

கேள்வி: திருநகரில் இருக்கிறேன். வயது 44, உயரம் 5 அடி 5 அங்குலம். ஐந்து மாதத்துக்கு முன்பு 68,000 ரூபாய்க்கு ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கினேன். அழகர்கோவில் போய்வந்தவரை சொர்க்கமாக இருந்தது. போன மாதம் தேனிக்குக் கிளம்பினேன். உசிலம்பட்டி தாண்டியதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஃபிரேமில் 56 என்று போட்டிருக்கிறது. கடையில் கேட்டால், "ஓட்ட ஓட்டப் பழகிடும், வித்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள். வந்த விலைக்குத் தள்ளிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் உயரத்துக்கு ஃபிரேம் 51, 52 சென்டிமீட்டர் அளவில்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். 56 உங்களைவிட அரையடி உயரமானவருக்கு உரியது. கை எட்டாமல் நீட்டிப் பிடிப்பதால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பு அங்கேதான் நசுங்குகிறது. அழகர்கோவில் கிட்டத்தில் இருக்கிறது, அதனால் தெரியவில்லை. தேனி ஒரு வழியே 75 கிலோமீட்டர் அல்லவா?

முதலில் செலவு குறைந்த வழி. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 100, 110 மில்லிமீட்டர் இருந்தால் 80க்கு மாற்றி, கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்லுங்கள். டயர் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், ஃபிரேமில் இடமிருந்தால் 28 அல்லது 32 போட்டுக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். இது வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். பெரிய ஃபிரேம் சின்னதாகிவிடாது. இரண்டு மூன்று நீள ஓட்டத்துக்குப் பிறகும் மரத்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது கடை. உங்கள் உயரத்தைச் சொன்ன பிறகு "உங்களுக்குச் சரியாக இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்களா, தேடுங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கும். அளவு நீங்களே பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது என்றால் வழக்கு நிற்பது கஷ்டம், நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்கில் இருந்ததைத் தலையில் கட்டினார்கள் என்றால், சரியான அளவுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

கேள்வியில் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் டியூபின் வால்வு ஒல்லியான பித்தளைக் குச்சிபோல இருந்தால், மோட்டார் பைக் வால்வாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். ஆடி மாதத்தில் எதிர்காற்றை வாங்கிக்கொண்டு ஆண்டிப்பட்டிப் பக்கம் போனபோது எனக்குப் பஞ்சர். ரோட்டோரக் கடைப் பெரியவர் ஒட்டுப் போட்டுவிட்டு, வால்வை இரண்டு விரலால் திருகிப் பார்த்து, "நம்ம பம்பு இதுக்குச் சேராது தம்பி" என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஒட்டின டியூபோடு உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடாப்டர் ஒரு சாப்பாட்டு விலைகூட வராது.

கேள்வி: 200 கிலோமீட்டர் பிரவே ஓட்டத்துக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) பெயர் கொடுக்க ஆசை. கியர் இல்லாத சைக்கிள் போதுமா?

பதில்: போதும். பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், டீ குடிப்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அதற்குள்தான். மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி வந்தால் தப்பிக்கலாம். வழியில் மலை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவில் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள்.