தலைவர் கிடைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் நூற்பாலையில் கூலி உயர்வு கேட்டு வருகிற திங்கட்கிழமை வேலைநிறுத்தத்தில் இறங்குகிறோம். அஞ்சாத தலைவர் ஒருவர் அமைந்துவிட்டால் வெற்றி நிச்சயம்தானே?

பதில்: இல்லை. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய தத்தா சாமந்தை அஞ்சியவர் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொல்லமாட்டார்கள். அவர் பின்னால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஓராண்டுக்கும் மேலாக நின்றார்கள், தோற்றார்கள். ஆலைக் கிடங்குகளில் விற்காத துணி தேங்கியிருந்தது. நின்றுபோன நெசவைப் பம்பாய்க்கு அருகிலுள்ள பிவண்டியின் விசைத்தறிகள் ஏற்றுக்கொண்டன. கூலி கொடுக்காமல் கதவை மூடிவைக்க முதலாளிகளுக்கு அதைவிட வசதியான வேளை வாய்த்திருக்காது. போதாக்குறைக்கு, மாநிலத்தின் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் சார்பில் பேசும் உரிமை வேறொரு சங்கத்திடம் இருந்ததால், சாமந்துடன் உட்கார்ந்து பேசியே தீரவேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகங்களுக்கு இல்லை. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை என்பது தனிச் சோகம்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததையும் பாருங்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், பெரும்பாலும் தமிழர்களான தோட்டத் தொழிலாளப் பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாங்களே 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். பறிக்காத கொழுந்து முற்றிவிடும். அதைக் கிடங்கில் சேர்த்துவைக்க முடியாது. ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. ஆனால் அடுத்த மாதம் தினக்கூலியாக 500 ரூபாய் கேட்டபோது 301தான் தேறியது. அதைப் பேசி முடித்தது அரசும் முதலாளிகளும் சங்கங்களும் உட்காரும், கேரளம் முழுமைக்குமான தோட்டத் தொழிலாளர் குழு, அங்கே தொழிலாளர் சார்பில் பேசியவர்கள் அந்தப் பெண்கள் ஒதுங்கச் சொன்ன அதே சங்கங்கள்.

உங்கள் கடிதத்தில் கிடங்கில் எத்தனை நாளுக்கான நூல் கிடக்கிறது என்பது இல்லை. உங்கள் சங்கம் பதிவானதா, நிர்வாகம் அதை ஏற்றிருக்கிறதா என்பதும் இல்லை. கூலியில்லாமல் ஒவ்வொரு வீடும் எத்தனை வாரம் தாங்கும் என்று எவரும் கேட்டதாகவும் தெரியவில்லை. இப்போது நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போது வெளியேறக் கூடாது, பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. அறிவிப்பு கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் திங்கட்கிழமை வேலைக்குப் போங்கள், போகும்போது அறிவிப்பைக் கையில் கொண்டுபோங்கள்.