ஐந்து மணிக்குள் இருட்டு

அன்புள்ள அக்கா,

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கனடாவின் மிசிசாகாவுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். பதினோராவது மாடி. வீட்டிலிருந்தே வேலை. கணவர் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். இந்த மாதம் கடிகாரத்தை மாற்றியதிலிருந்து மனசு ஒரு மாதிரி கனத்துக் கிடக்கிறது. அழும்படி ஒன்றும் நடக்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் மனதை உற்சாகப்படுத்தும் சின்னச் சின்ன விஷயங்கள் என்று வீடியோக்கள் பார்த்து வாசனை மெழுகுவர்த்தி, தடித்த போர்வை, ஹாட் சாக்லேட், ஜன்னலில் தொங்கவிடும் குட்டி விளக்குச் சரம் எல்லாம் வாங்கினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. அப்புறம் அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்து அதே யோசனை. ஊரில் சொன்னால் "கனடாவில் இருந்துகொண்டு உனக்கென்ன குறை" என்பார்கள். நீங்கள் பல வருடமாக ஸ்கார்பரோவில் இருக்கிறீர்கள். உங்களை நிஜமாகவே எழுப்பி உட்காரவைக்கும் சின்ன விஷயம் ஏதாவது உண்டா? பால்கனியில் ஒரு செடியாவது வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

எம்., மிசிசாகா

அன்புள்ள எம்.,

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் நீங்கள் வாங்கிய நான்கு பொருளும் இருட்டிய பிறகு வேலை செய்கிறவை. நான்குமே உங்களை உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துவைப்பவை. எனக்கு அவற்றின் மேல் கோபம் இல்லை, வாசனை மெழுகுவர்த்தி மட்டும் கொஞ்சம் தலைவலி. ஆனால் மாலையில் வரும் மனக்கனத்துக்கு மருந்து பெரும்பாலும் காலையில்தான் இருக்கிறது, அதுவும் வாசலுக்கு வெளியே. கடைக்காரர்கள் அதை எப்படி விற்பார்கள்? அதனால்தான் வீடியோக்களில் வருவதில்லை.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதே நாளில் தஞ்சாவூரில் பதினொன்றரை. ஊரில் வெளிச்சம் நாம் தேடிப்போகிற பொருளாக இருந்ததே இல்லை. வெயிலில் நிழலைத்தான் தேடினோம். இங்கே அது தலைகீழ். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் காலையில் கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணுக்குக் கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை. சூரியனே தெரியாத, சாம்பல் பூத்த பகலிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தரையில் புதுப்பனி கிடந்தால் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை மேலே திருப்பி அனுப்பும். கண் எதற்கும் பழகிக்கொள்ளும் என்பதால் இவ்வளவு பெரிய வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

ஆகவே லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் கீழே இறங்குங்கள். இருபது நிமிடம் போதும். நான் இதற்கு நடைப்பயிற்சி என்று பெயர் வைப்பதில்லை. பயிற்சி என்று சொன்னால் ஜனவரி முதல் வாரத்திலேயே விட்டுவிடுவேன். ஃபிளாஸ்க்கில் இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஊற்றிக்கொண்டு டீ குடிக்கப் போகிறேன், அவ்வளவுதான். மைனஸ் எட்டில் மூடியில் ஊற்றிக் குடிக்கும் டீயின் ருசி அடுப்படியில் நின்று குடிக்கும் டீக்குக் கிடையாது. உடைக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்: உள்ளே தெர்மல், வழுக்காத பூட்ஸ், காதை மூடும் தொப்பி. குளிர்காலத்தை வெறுக்கும் பாதிப்பேர் உண்மையில் தங்கள் பூட்ஸைத்தான் வெறுக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தோடு வந்து வசந்தத்தோடு போகும் மனச்சோர்வு ஒன்று இருக்கிறது. மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 1984இல் அதற்கு 'சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர்' என்று பெயர் கொடுத்து விவரித்தார்கள். அதற்கு 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு இருக்கிறது. காலையில் எழுந்ததும் இருபது முப்பது நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்து, அதையே முறைத்துப் பார்க்காமல், பேப்பர் படிக்கலாம், சாப்பிடலாம். கண்ணில் கோளாறு இருந்தாலோ, மனநிலைக்கு ஏற்கெனவே மருந்து எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கையை விட்டு எழுவதே பாடாக இருந்தால், சாப்பாடும் தூக்கமும் குழம்பினால், அது டீக்கும் நடைக்கும் அடங்குகிற விஷயம் இல்லை. உங்கள் ஃபேமிலி டாக்டரிடம் போய், எனக்குச் சொன்ன இதே வார்த்தைகளைச் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால், கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்நேரமும் பேசலாம். "உனக்கென்ன குறை" என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. குறை இரண்டரை மணி நேரப் பகல்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்தது. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். முந்தின நாள் ஆறு மணிவாக்கில் மறைந்த சூரியன் அன்றைக்கு ஐந்துக்கே போய்விடுகிறது. அதற்கப்புறமும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போகிறது. இது டிசம்பர் 21 வரை நீளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. மிகக் குறுகிய பகல் 21ஆம் தேதிதான், ஆனால் மாலை அதற்கு முன்பே திரும்பிவிடும். டிசம்பர் 10 வாக்கில் 4:40க்குச் சூரியன் மறையும். அதுதான் அடிமட்டம், அதற்குப் பிறகு அஸ்தமனம் தள்ளிப்போக ஆரம்பிக்கும். பகல் இன்னும் சுருங்குகிறதே என்றால், அந்த இழப்பு முழுவதையும் காலை ஏற்றுக்கொள்கிறது. சூரிய உதயம் ஜனவரி முதல் வாரம் வரை தாமதமாகிக்கொண்டே போகும்.

காரணமும் அழகானது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும், ஜனவரி தொடக்கத்தில் அது சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுவதாலும், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் டிசம்பரில் நாளுக்குச் சுமார் அரை நிமிடம் பிந்துகிறது. உச்சி பிந்தினால் உதயமும் அஸ்தமனமும் சேர்ந்தே பிந்தும். தஞ்சாவூரிலும் இது நடக்கிறது. அங்கே சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பரிலேயே முடிந்துவிடும். யாரும் கவனிப்பதில்லை, கவனிக்க அவசியமும் இல்லை.

இங்கே அவசியம் இருக்கிறது. நீங்கள் எழுதியது நவம்பர் கடைசியில். இதைப் படிக்கும்போது மாலை திரும்ப இன்னும் சில நாள்தான் பாக்கி. என் ஃபிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில் வாரத்துக்கொரு முறை அஸ்தமன நேரத்தைக் குறித்துவைப்பேன். முதலில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று ஊர்ந்துதான் வரும். பொங்கலன்று ஐந்து மணி தாண்டியிருக்கும். ஜனவரி முடிவில் ஐந்தரையை நெருங்கும். ஊரில் பொங்கலுக்குச் சூரியனைக் கும்பிட்டது பழக்கத்தால். இங்கே கும்பிடும்போது உண்மையிலேயே நன்றி வருகிறது.

அடுத்தது வாசனை. குளிர்காலத்தில் எது இல்லாமல் இந்த ஊர் இப்படி வெறிச்சென்று இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. மண் உறைந்துவிட்டால் மணப்பதில்லை. இலை இல்லை, பூ இல்லை, ஈரம் ஐஸாகக் கிடக்கிறது. மார்கழிக் காலையில் ஈரவாசலும் சாணித் தெளிப்பும் மல்லிகையுமாக வளர்ந்த மூக்குக்கு இது பட்டினி. அதனால் அடுப்பில்தான் அதற்குச் சோறு போட வேண்டும். கொத்தமல்லி விதையும் மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து, ரசத்துக்கு நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் பாருங்கள். பாக்கெட் பொடியில் இந்தப் பலன் இல்லை. வறுக்கிற ஐந்து நிமிடம்தான் விஷயமே. ஒரு எச்சரிக்கை, இது உங்களுக்கே தெரிந்திருக்கும்: தாளிக்கும் முன் வாசலில் தொங்கும் கோட்டுகளைப் படுக்கையறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் லிஃப்டில் நீங்கள் என்ன குழம்பு வைத்தீர்கள் என்று பதினொரு மாடிக்கும் தெரியும்.

மண்வாசனைக்கு வேறொரு வழி இருக்கிறது. டொராண்டோ நகரத்தின் நடுவில் ஆலன் கார்டன்ஸ் என்று கண்ணாடித் தோட்டம், குவிமாடத்தோடு 1910இல் எழுப்பிய பனை மண்டபம் அதில்தான் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் பக்கத்தில் எட்டோபிகோவில் சென்டெனியல் பூங்காவின் கண்ணாடித் தோட்டம். இரண்டுக்குமே நுழைவுக் கட்டணம் கிடையாது. பழுதுபார்ப்புக்காகச் சில அறைகளை மூடிவைப்பார்கள், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி மூடுபனி போட்டுவிடும். ஒன்றும் தெரியாமல் வாசலில் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் மூக்குக்கு வந்து சேரும் ஈரமண் வாசனைக்காகவே பிப்ரவரியில் நான் பஸ் மாறி மாறிப் போவேன். அங்கே மூன்று பேர் இருந்தால் ஒருவராவது கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருப்பார்.

வெளியே காதுக்கும் வேலை இருக்கிறது. புதுப்பனி விழுந்த காலையில் ஊர் இரைச்சல் அமுங்கிவிடும். பனித்துகள்களுக்கிடையே இருக்கும் காற்றறைகள் சத்தத்தை விழுங்கிவிடுகின்றன. நடக்கும்போது காலடியில் வரும் சத்தத்தை வைத்தே குளிரைச் சொல்லலாம். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் சொதசொதவென்று அமுங்கும், மைனஸ் பத்துக்குக் கீழே கிறீச்சென்று கத்தும். சிக்கடீ என்று ஒரு கருந்தொப்பிக் குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. இரவில் உடம்புச் சூட்டைப் பல டிகிரி குறைத்துக்கொண்டு குளிரைத் தாண்டும். ஜனவரி நடுவில், இன்னும் எல்லாமே உறைந்து கிடக்கும்போதே, நாள் நீள்வதைத் தெரிந்துகொண்டு ஆண் குருவி இரண்டு சுரத்தில் ஒரு நீண்ட விசில் அடிக்க ஆரம்பிக்கும். எந்த வானிலை அறிக்கையையும்விட அதை நான் நம்புகிறேன். உங்கள் ஊரிலேயே போர்ட் கிரெடிட் பக்கம் ஏரிக்கரைக்குப் போனால் நீண்டவால் வாத்துகளைப் பார்க்கலாம். கோடையில் ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. நாம் நடுங்கிக்கொண்டிருக்கும் இந்த ஒன்டாரியோ ஏரிதான் அவற்றுக்கு வேடந்தாங்கல். இதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம்: மனுஷக் குரல் திரைக்குள்ளிருந்துதான் வருகிறது. இதற்குப் பெரிய நட்பு வட்டம் தேவையில்லை. ஸ்கார்பரோவில் எங்கள் தெருமுனை டேக்கவுட்டில் சனிக்கிழமை காலை இடியாப்பமும் சம்பலும் வாங்க வரிசை நிற்கும். முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "என்ன பிள்ளை, உந்தக் குளிருக்க நடந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டால் போதும், அந்த வாரத்துக்கு எனக்கு அது காணும். மிசிசாகாவிலும் தமிழ்க் கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. மொத்தமாக ஆன்லைனில் வரவழைப்பதை விட்டு, கொத்தமல்லிக் கட்டுக்காகவாவது வாரம் ஒருமுறை நேரில் போங்கள். பொது நூலகமும் நல்ல இடம். ஜன்னலோர இருக்கையில் யாரோடும் பேசாமல், ஆனால் ஆட்களுக்கு நடுவே, வேலை பார்க்கலாம். கணவருக்கு விடுமுறை நாளில் அவரையும் காலையிலேயே கீழே இழுத்துக்கொண்டு போங்கள். அவரும் இருட்டில் போய் இருட்டில் வருகிறவர்தானே.

செடி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பால்கனியில் இப்போது எதுவும் பிழைக்காது, ஏப்ரல் வரை அதை மறந்துவிடுங்கள். இங்கே தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி வீட்டுக்கொரு பிள்ளை. செப்டம்பர் இரவுகள் பத்து டிகிரிக்கு வந்ததுமே உள்ளே தூக்கிவிடுவோம். குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி உதிரும், சில செடிகள் வெறும் குச்சியாகவே நிற்கும். பயந்துபோய் நிறையத் தண்ணீர் ஊற்றித்தான் பலர் கொல்கிறார்கள். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும். வெளிச்சம் கூடக் கூட, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ துளிர் விடும்.

உங்கள் ஜன்னல் எந்தத் திசை என்று எழுதவில்லை. தெற்கு என்றால் கறிவேப்பிலை வைக்கலாம், ஆனால் கன்று வாங்க மே மாதம் வரை பொறுங்கள். குளிரில் கடையிலிருந்து காருக்குப் போகும் தூரத்திலேயே இலை கருகிவிடும். அதுவரை அதே ஜன்னலில் ஒரு தட்டில் வெந்தயம் விதையுங்கள், சில நாளில் முளைத்துவிடும், கீரையாக வளர்ந்ததும் பருப்பில் போட்டுவிடலாம். வடக்கு ஜன்னல் என்றால் செடி ஆசையை விட்டுவிட்டு, அந்தக் காசில் நல்ல ஃபிளாஸ்க்காக ஒன்று வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா