கணவருக்கு அப்பா, மகளுக்குத் தாத்தா: ஒரே மனிதரை எப்படி நினைவுகூர்வது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். திருமணமாகி நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கணவர் நியூயார்க்கின் யூதக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் என் மாமனார் 88 வயதில் காலமானார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேச்சை எடுக்கவே முடியவில்லை.

மன்ஹாட்டனில் ஏழாவது அவென்யூவை ஒட்டிய ஆயத்த ஆடைத் தொழில் வட்டாரத்தில் மாமனார் பட்டன் கடை வைத்திருந்தார். கடையைத் தொடங்கியவர் அவருடைய அப்பா. 1924இல் அமெரிக்கா சட்டம் போட்டுக் கிழக்கு ஐரோப்பியர்களின் வரவை ஒடுக்கும் முன்பே போலந்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டவர். கடையில் தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள்தான். உள்ளே என்ன பட்டன் இருக்கிறதோ, அதில் ஒன்று பெட்டியின் முகப்பில் தைக்கப்பட்டிருக்கும். மாமனார் நின்று தேடி நான் பார்த்ததில்லை. கை நேராக அந்தப் பெட்டிக்குப் போகும். சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். சிப்பி சில்லென்று இருக்கும். என் மகளுக்கு வயது 11. சட்டைக்கு 18 லைன், கோட்டின் முன்பக்கத்துக்கு 32, 40 லைன் என்றால் ஓர் அங்குலம் என்று பட்டன் அளவெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் கடையடைத்துவிட்டு அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் அவர்தான்.

தையல் வேலை ஆசியாவுக்குப் போகப் போக, அவருடைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தொழிலை மூடினார்கள். அந்த வேலை வந்து சேர்ந்த ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. முதல்முறை பார்த்தபோது ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கினேன். அவரோ, "உங்கள் ஊரில் காஜா (பட்டன் மாட்டும் துளை) சுத்தமாக எடுக்கிறார்கள்" என்றார். அன்று முதல் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

கணவர் கதை வேறு. "என் பள்ளி நாடகம் ஒன்றுக்குக்கூட அப்பா வந்ததில்லை. கடைதான் அவருக்குப் பிள்ளை" என்பார். ஆனால் மதப்பற்று அதிகம் இல்லாத இவர், இப்போது தினமும் விடியற்காலையில் ஜெப ஆலயத்துக்குப் போய், இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்தைச் சொல்லிவிட்டு வருகிறார். மகள் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். மே மாதம் கல்லறைக் கல் திறப்பு. அவர்தான் பேச வேண்டும் என்கிறார் நாத்தனார். "பொய் சொல்ல என்னால் ஆகாது" என்கிறார் இவர். கடையையும் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள்.

துக்கம் காத்த ஏழு நாட்களில் ஒருநாள், துக்கம் காப்பவர்களுக்கான தாழ்வான இருக்கையில் அமர்ந்திருந்த அப்பாவின் பக்கத்தில் மகளும் போய் உட்கார்ந்தாள். உறவினர் ஒருவர் அன்பாகத்தான் அவளை எழுப்பி வேறு அறைக்கு அழைத்துப் போனார். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. கணவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தலாமா? மகளுக்கு என்ன சொல்வது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

வற்புறுத்த வேண்டாம். உங்கள் கணவர் பேசாமல் இருக்கிறார் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. கதீஷ் ஜெபத்தில் இறந்தவரின் பெயர் வராது; சாவைப் பற்றி ஒரு சொல்லும் வராது. பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்த இறைத்துதி அது. பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் சொல்வது வழக்கம். அப்பாவைப் பாராட்டவும் வராமல், விட்டுவிடவும் மனம் வராமல் தவிக்கும் ஒரு மகனுக்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் கிடைப்பது அரிது. தன்னால் முடிந்ததை அவர் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

மகள் கேட்டதும் அவர் ஏன் எழுந்து போகிறார் என்று நினைக்கிறீர்கள்? தனக்குக் கிடைக்காத அப்பா, தன் கண் முன்னால் தன் மகளுக்குக் கிடைத்தார். பள்ளி வாசலில் காத்து நிற்க அந்த மனிதரால் முடிந்திருக்கிறது என்பதே மகனுக்கு ரணம். அதில் மகிழ்ச்சியும் இருக்கும், வலியும் இருக்கும். இரண்டையும் பதினொரு வயதுக் குழந்தையின் முன்னால் வைக்க அவருக்கு வழி தெரியவில்லை. "உங்களுக்காகத்தானே உழைத்தார்" என்று மட்டும் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், சிறு வயதில் காத்திருந்து ஏமாந்த பையனை வாயடைக்கும் பேச்சு அது.

எனக்கு அதிகக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். யூத மத விதிப்படி துக்கம் காக்கும் கடமை பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்கே உண்டு. பேரப்பிள்ளைக்கு இல்லை; மருமகளுக்கும் இல்லை. அந்த உறவினர் மேல் தவறு சொல்ல முடியாது. ஆனால் தாத்தாவைத் தினம் தினம் தேடுகிற ஒருத்திக்கு அழுவதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை. சமூகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இலேயே விரிவாக எழுதினார். நீங்களும் அந்தக் கணக்கில் விடுபட்டவர்தான். உங்கள் கடிதத்தில் கணவரின் துக்கம் இருக்கிறது, மகளின் துக்கம் இருக்கிறது. காஜாவைப் பற்றிய அந்த ஒரு வரியில்தான் உங்கள் துக்கம் எட்டிப் பார்க்கிறது.

இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுத்தால்தான் துக்கம் தீரும் என்ற கருத்து வெகு காலம் செல்வாக்குடன் இருந்தது. 1990களிலிருந்து பல ஆய்வாளர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். உறவு முடிவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்பது அவர்கள் கண்டது. தாத்தாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பது உங்கள் மகளுக்கு ஆரோக்கியமானதே. பதில் சொல்ல அப்பா ஒருவர்தான் என்று இல்லை. கடையைக் காலி செய்யும் முன் அவளை அங்கே அழைத்துப் போங்கள். எந்தப் பெட்டிகள் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். அங்கே வேலை பார்த்தவர்களையும் பழைய வாடிக்கையாளர்களையும் அவள் கேள்வி கேட்கட்டும். நீங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கணவரைக் கூப்பிடுங்கள், ஆனால் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கல் திறப்பில் மகன்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நாத்தனாரிடம் சொல்லி அந்தச் சில நிமிடங்களை உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். சிப்பிப் பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்ததை அவள் சொன்னாலே போதும். அப்பா கதீஷ் சொல்லட்டும். பிறகு என்றாவது பேசத் தோன்றினால், அவரும் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். இரங்கலுரையில் அளவுமீறிப் புகழக் கூடாது என்பது யூத விதிதான். இதை அவரிடம் சொல்லிவையுங்கள். பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயமாவது குறையும்.

ஒன்றில் மட்டும் முன்கூட்டியே கவனமாக இருங்கள். இன்னும் ஆறு மாதத்தில் கதீஷ் காலம் முடியும். விடியலில் கிளம்பிப் போக ஓர் இடமும், கூட நிற்க ஆட்களும் இருந்தது அன்றோடு நின்றுவிடும். பலருக்கு அடக்கம் நடந்த நாளைவிட அந்த வாரம் கடினமாக இருக்கும். தூக்கம் கெட்டாலோ, வேலையில் மனம் ஒட்டாமல் போனாலோ, குடி கூடினாலோ தாமதிக்காமல் துக்க ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், அந்த வாரக் காலைகளில் அவரைத் தனியே விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்