போர்க்காலத்தில் ராணுவப் புகைப்படக்காரராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்?

"துப்பாக்கி தூக்காதவருக்கு அங்கே என்ன கஷ்டம்" என்று கேள்வியின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி உறுத்தியதால்தான் எழுதுகிறேன். நீங்கள் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணும் இளைஞராக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1999 கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் இருந்தேன். டோலோலிங் சிகரத்தை ஜூன் 13 அன்றும் டைகர் ஹில் சிகரத்தை ஜூலை 4 அன்றும் மீட்டவர்கள் வேறு. நான் அவர்களுக்குப் பின்னால் ஏறியவன். "நீ என்ன சண்டையா போட்டாய்" என்று எவரேனும் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையில் விழுந்த குண்டுகள் கையில் இருப்பது கேமராவா துப்பாக்கியா என்று பார்த்து விழவில்லை.

சிகரத்தில் கொடி பிடித்து நிற்கும் வீரர்களின் படம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். என் வேலையில் பெரும்பகுதி சாட்சியம் சேர்ப்பது. ஊடுருவியவர்கள் முஜாஹிதீன்களே, தன் படையினர் அல்லர் என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டிருந்ததால், அவர்கள் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பாகிஸ்தான் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று காட்டுவதற்காக, பதுங்குகுழிகளில் கிடைத்த அடையாள அட்டை, சம்பளப் புத்தகம், கடிதம் என ஒவ்வொன்றையும் கம்பளியில் விரித்து, எழுத்து தெளிவாகத் தெரியும்படி படமெடுக்க வேண்டும். அந்நாடு பெற்றுக்கொள்ளாத உடல்களை நம் வீரர்களே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள், அதையும் எடுத்தேன். முந்தின வாரம் தோழனைப் பறிகொடுத்தவர்களே குழி வெட்டினார்கள். எதிரிக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம், கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒருநாள், நனைந்து ஒட்டிப்போயிருந்த ஒரு சம்பளப் புத்தகத்தை, வெளியே காற்று பலமாக அடித்ததால் சமையல் கூடாரத்துக்குள் கொண்டுபோனேன். இரவெல்லாம் குளிரில் கிடந்த கேமராவை அடுப்பெரியும் இடத்துக்குள் கொண்டுபோகும்முன் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி, மெல்லச் சூடேற விடவேண்டும். பல வருடங்களாகத் தெரிந்த பாடத்தை அவசரத்தில் மறந்துவிட்டேன். லென்ஸ் முழுவதும் வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. காகிதங்களை ஏற்றிச் செல்லும் வண்டியோ வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

சமையல்காரர் வேலூர்ப் பக்கத்துத் தம்பி. "நான் புடிச்சுக்கிறேன், நீங்க எடுங்கண்ணே" என்று சுருண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். காத்திருந்த வேளையில், "இது அவன் சம்பளமாண்ணே? நம்மளவிடக் கூடவா?" என்று கேட்டார். இருவரும் குனிந்து தேடினோம். தொகை இருந்திருக்க வேண்டிய இடத்தில் மை கரைந்திருந்தது. லென்ஸ் தெளிந்ததும் நான்கு படங்கள் எடுத்தேன். நான்கிலும் மஞ்சள் கறை படிந்த அந்த நகம் விழுந்திருந்தது. மேலதிகாரி நன்றாகத் திட்டினார், திட்டியது நியாயமும்கூட. ஆனால் புத்தகம் அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

பிறகு அந்தப் படம் ஒரு நாளிதழில், விரல் வெட்டப்பட்டு, "கோப்புப் படம்" என்ற இரண்டே சொற்களோடு வந்தது. நெகட்டிவ் அரசின் சொத்து, அதில் எனக்கு வழக்கில்லை. அரை நாள் வந்து நின்றுவிட்டுப் போன நிருபரின் பெயர் மட்டும் அதே பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்ததுதான் இன்றுவரை ஆறவில்லை. அந்தத் துண்டை வெட்டித் தம்பிக்கு அனுப்பினேன். இன்லேண்டு கடிதத்தில் பதில் எழுதியிருந்தார்: "அண்ணே, என் வெரல் எங்கே?"