தண்ணீர்க் காசில் ரோடு போடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறேன். எங்கள் வீதிக்குக் கான்கிரீட் சாலையும் இரண்டு தெருவிளக்கும் கேட்டு 2024-இல் கிராம சபையில் மனுக் கொடுத்தோம். "மத்திய அரசுப் பணம் இருக்குதுங்க, ஆனா அது தண்ணிக்கும் குப்பைக்கும் வந்த காசு, ரோட்டுக்குத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் தலைவர் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். அவர்கள் சொன்னது உண்மையா? டெல்லிப் பணம் எப்படித்தான் ஊராட்சிக்கு வருகிறது? யாரிடம் கேட்பது?

பதில்: பாதி உண்மைங்க. தண்ணீருக்கென்று வந்த காசில் ரோடு போடக் கூடாது என்பது சரி. ஆனால் வந்த காசு மொத்தமும் தண்ணீருக்கும் குப்பைக்கும் என்பது சரியில்லை.

மத்திய அரசு வசூலிக்கும் வரியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் குழுதான் நிதிக்குழு. நீங்கள் கேட்கும் ஆண்டில் நடப்பில் இருந்தது 15-வது நிதிக்குழு மானியம். என்.கே. சிங் தலைமையிலான அந்தக் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதை மூன்று கூறாகப் பிரித்தார்கள். 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. இன்னொரு 30 சதவீதம் சுகாதாரத்துக்கு, அதாவது கழிப்பறை, கழிவு, குப்பை. மீதி 40 சதவீதம் ஊருக்கு எது தேவையோ அதற்கு. சம்பளமும் நிர்வாகச் செலவும்தான் அதில் கூடாது. சாலை தாராளமாகக் கூடும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இதை 'டைடு' (இன்னதற்கென்று கட்டிப்போட்டது), 'அன்டைடு' (கட்டில்லாதது) என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்த இரண்டு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போனாலே உங்களிடம் பேசும் தோரணை மாறும்.

பத்து லட்சம் வந்தது என்று வைத்துக்கொண்டால் ஆறு லட்சம் கட்டிப்போட்ட காசு, நான்கு லட்சம் கட்டில்லாத காசு. ஆகவே கிராம சபையில் "ஏன் ரோடு போடவில்லை" என்று கேட்காதீர்கள். "அந்த நாற்பது சதவீதம் எதற்குச் செலவானது" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கையை விரித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

நான் உள்ளாட்சித் தணிக்கையில் இருந்தவன். ஒருமுறை சென்னிமலைப் பக்கம் ஓர் ஊராட்சியின் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குடிநீருக்கான மானியத்தில் 'மோட்டார் அறை பராமரிப்பு' என்று ஒரு பற்று. ரசீதை எடுத்துப் பார்த்தால் நாற்பது எல்.இ.டி. பல்பும் வயரும். மோட்டார் அறைக்கு நாற்பது பல்பு எதற்கு என்று கேட்டேன். செயலாளர் ஒளிக்கவில்லை. "ஏனுங் சார், காசு பேங்குல சும்மா கிடக்குது, வீதி இருட்டாக் கிடக்குது, நான் என்னங் பண்றது?" என்றார். தணிக்கைத் தடை எழுதினேன், எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

டெல்லி ஏன் இப்படிக் கட்டிப்போட்டுக் கொடுக்கிறது? நம் நாட்டில் மட்டும் இருக்கும் வழக்கமல்ல இது. வளரும் நாடுகள் பலவற்றில் வருமான வரி, சரக்கு வரி போன்ற பெரிய வரிகளை மத்திய அரசு வசூலிக்கும்; குழாய், சாக்கடை, விளக்கு என்ற அன்றாட வேலைகள் உள்ளூர் தலையில் இருக்கும். அந்த இடைவெளியை மேலிருந்து வரும் மானியம்தான் நிரப்ப வேண்டும். நிரப்பும் விதம்தான் நாட்டுக்கு நாடு வேறு. கென்யாவில் தேசிய அரசு திரட்டும் வருவாயில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் 47 மாவட்ட அரசுகளுக்குப் போக வேண்டும் என்று 2010 அரசமைப்பே சொல்கிறது. பிலிப்பைன்ஸில் தேசிய வரியில் உள்ளாட்சிகளுக்குச் சட்டப்படி 40 சதவீதப் பங்கு; அதில் மாகாணம், மாநகரம், நகராட்சி ஆகிய அடுக்குகளின் பங்கைப் பிரிக்கும்போது பாதி மக்கள்தொகைப்படி, கால் பரப்பளவுப்படி, மீதிக் கால் எல்லாருக்கும் சமமாக. நம் ஊரில் ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தபோது ஊராட்சிகளின் நிதியையும் பார்க்கும் பொறுப்பு மத்திய நிதிக்குழுவுக்கு வந்தது. பணம் மாநில அரசு வழியாகவே வரும். வந்த பத்து வேலை நாளுக்குள் உள்ளாட்சிக்கு மாற்ற வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்பது 15-வது குழுவின் நிபந்தனை.

கட்டிப்போடுவதில் ஒரு நியாயமும் உண்டு. கட்டவில்லை என்றால் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கே காசு போகும். நம் பக்கம் பேவர் பிளாக் மேல் எத்தனை மோகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழிக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. ஆனாலும் டெல்லியில் உட்கார்ந்து ஒரே அளவில் சட்டை தைப்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதுதான் என் எண்ணம். இதற்கு விதியிலேயே சின்ன வாசல் ஒன்று இருக்கிறது: குடிநீர்த் தேவை முழுதாக நிறைவாகிவிட்டால் அந்த 30 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குத் திருப்பலாம், சுகாதாரம் நிறைவானால் குடிநீருக்கு. சாலைக்கு மட்டும் அந்த வாசல் திறக்காது.

இன்னொன்று, உங்கள் பகுதிக்கே உரிய சிக்கல். "திருப்பூர் கட்டுற ஜி.எஸ்.டி.க்கு நம்ம வீதியெல்லாம் தங்கத்துல போடலாமே" என்று டீக்கடையில் பேசுவார்கள். பங்கீடு அப்படிக் கட்டிய வரியைப் பார்த்து வருவதில்லை. 15-வது குழு பிரித்த மாநிலங்களுக்கான வரிப் பங்கில் 45 சதவீத எடை வருமான இடைவெளிக்கு இருந்தது, அதாவது ஏழை மாநிலத்துக்குக் கூடுதல். அப்போது தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. இல்லாத வீட்டுக்கு அதிகம் கொடுப்பதற்குத்தான் நிதிக்குழு. என் புகார் வேறு. உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 90 சதவீத எடை மக்கள்தொகைக்கு, 10 சதவீதம் பரப்பளவுக்கு. அந்த மக்கள்தொகை 2011 கணக்கு. அதற்குப் பிறகு பனியன் கம்பெனிகளை நம்பி எத்தனை லைன் வீடுகள் உங்கள் ஊராட்சியில் எழும்பியிருக்கும்? அத்தனை பேருக்கும் தண்ணீர் விட வேண்டும், அத்தனை பேர் குப்பையும் அள்ள வேண்டும், காசு மட்டும் பழைய தலைக்கணக்குப்படி. 2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வரும்போது லைன் வீட்டுக்காரர்கள் "நாங்க ஒடிசாங்க, எங்களை எழுத வேண்டாம்" என்று ஒதுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் இல்லாததும் சாதாரண விஷயமல்ல. கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புக்குத்தான் நிதிக்குழு மானியம் என்பது விதி. 2016-க்கும் 2019-க்கும் இடையில் தேர்தல் நடக்காதபோது தமிழ்நாட்டுக்கான மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஆகவே 2025-க்குப் பிறகு "பணம் வரவில்லை" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மனுக் கொடுத்த 2024-இல் "பணம் இருக்கிறது" என்றார்களே, நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ஆண்டுக் கணக்கைத்தான்.

தெருவிளக்குக்கு டெல்லியைப் பார்க்கவே வேண்டாம். வீட்டு வரி, தொழில் வரி எல்லாம் ஊராட்சியின் சொந்தக் காசு. உங்கள் பக்கத்தில் மில், குடோன், கோழிப்பண்ணை இருந்தால் இந்த வரவு குறைச்சலாக இருக்காது, ஒழுங்காக விதித்து வசூலித்திருந்தால். இது போக மாநில அரசும் தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதிக்குழு மானியமாக உள்ளாட்சிகளுக்குத் தருகிறது. இரண்டு விளக்குக்கு இதுவே போதும். ரோட்டுக்கும் வேறு வழிகள் உண்டு: சட்டமன்ற உறுப்பினர் நிதி, இல்லையென்றால் 'நமக்கு நாமே' திட்டத்தில் வீதிக்காரர்கள் ஒரு பங்கு போட்டு மீதியை அரசிடம் வாங்குவது.

இனி எங்கே பார்ப்பது. 'இ-கிராம சுவராஜ்' தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டுத் திட்டமும் வரவு செலவும் வரும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம், போனிலேயே பார்க்கலாம். கணக்கை இணையத்தில் ஏற்றாத ஊராட்சிக்கு மானியமே இல்லை என்று 15-வது குழு சொன்னதால் ஏதாவது ஏற்றியிருப்பார்கள். இப்படி ஊரறியச் சொல்வதற்கு என்ன பலம் என்பதை உகாண்டாவில் பார்த்தார்கள். அங்கே 1991 முதல் 1995 வரை பள்ளிகளின் செலவுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு செய்தித்தாளில் போட ஆரம்பித்த பிறகு நிலைமை பெரிய அளவில் மாறியது.

தளத்தில் தெளிவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'ஏன்' என்று கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்: 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 15-வது நிதிக்குழு அடிப்படை மானியத்தில் (அந்தக் கட்டில்லாத காசுக்கு ஏட்டில் இதுதான் பெயர்) வந்த தொகை, செய்த பணிகளின் பெயர், ஒவ்வொன்றின் தீர்மான எண். இந்த மூன்று போதும். 2026 ஏப்ரல் முதல் அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16-வது குழுவின் காலம் என்பதால், அதற்குப் பிந்தைய பணத்துக்கு இந்த 30-30-40 கணக்கைக் கொண்டுபோய் வாதாடாதீர்கள்.

எழுதும் முன் ஒரு வேலை. உங்கள் வீதி ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா என்று ஒன்றியப் பொறியாளரிடம் உள்ள சாலைப் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். ஒன்றியச் சாலை என்றால் மனு போக வேண்டிய மேசையே வேறு.